வெயில் வாசலோடு நின்றுவிடுகிறதா?

வாசகர் கேள்வி–பதில். இந்த இதழில் வந்தவை எல்லாம் வீட்டு இன்டீரியர் ரெண்டர்களில் (3டி மாடலிலிருந்து கணினி உருவாக்கும் படங்களில்) வெளிச்சம் ஒரு பரப்பில் பட்டு இன்னொன்றுக்குப் போவது பற்றியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

வேளச்சேரி வாசகர்: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 16க்கு 12 அடி ஹால் ஒன்று செய்தேன். ஒரே ஜன்னல். சூரியனை வைத்தால் தரையில் வெயில் கட்டம் அழகாக விழுகிறது. சுவரும் சீலிங்கும் கும்மிருட்டு. உள்ளே இரண்டு ஏரியா லைட் (பரப்பு முழுக்க ஒளி தரும் விளக்கு) போட்டால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோ மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

முதலில் அந்த இரண்டு ஏரியா லைட்டையும் அழித்துவிடுங்கள். நிஜ வீட்டில் சீலிங்குக்கு நேர் வெயில் கிடையவே கிடையாது. தரையில் விழுந்த வெயில் எழும்பி சீலிங்கில் படுகிறது, அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து சோபாவின் அடிப்பக்கம். உங்கள் சீனில் அந்தப் பயணம் பாதியில் அறுந்திருக்கிறது. அறுவதற்கு நாலு இடம் உண்டு.

ஒன்று, பவுன்ஸ், அதாவது வெளிச்சம் எத்தனை முறை தெறிக்கலாம் என்ற எண்ணிக்கை. பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் லைட் பாத்ஸ் பகுதியில் மொத்தம் 12 என்று இருக்கும். அதற்குள் டிஃப்யூஸ் (மங்கலான பரப்பில் பட்டு எல்லாப் பக்கமும் தெறிப்பது) மட்டும் 4. வெள்ளைச் சுவர் தன் மேல் பட்டதில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். அடுத்தடுத்த தெறிப்பில் 80, 64, 51, 41, 33 என்று இறங்கும். முழுக்க மூடிய வெள்ளை அறையில் இவற்றையெல்லாம் கடைசிவரை கூட்டினால் முதல் வெளிச்சத்தைப் போல 5 மடங்கு வரும். 4 பவுன்ஸில் நிறுத்தினால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 8 வைத்தால் 87 சதவீதம், 12 வைத்தால் 94. ஜன்னல் வழியே கொஞ்சம் வெளியே போய்விடும், சோபாவும் கம்பளமும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் வீட்டு அறைக்கு 8 போதும்.

இரண்டாவது, சுவரின் நிறம். பலரும் சறுக்குவது இங்கேதான். “80 சதவீத வெள்ளை” என்று நினைத்து ஆர்ஜிபியில் 204, 204, 204 போடுகிறார்கள். திரைக்கான அந்த எண் வெளிச்சக் கணக்கில் 0.60 தான். அப்படியானால் கூட்டுத்தொகை 5 மடங்கு இல்லை, இரண்டரை மடங்கு. அறை பாதிக்குப் பாதி இருண்டுவிடும். புதிதாக எமல்ஷன் அடித்த வெள்ளைச் சுவருக்கு 230, 230, 230 போடுங்கள்; அது 0.79. அதற்காக 255 வரை ஏறிவிடாதீர்கள். அப்படியொரு பெயின்ட் உலகில் இல்லை. வெளிச்சம் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மூலைகளில் நிழலே தங்காது, அறை முழுக்கப் பனிமூட்டம் போட்ட மாதிரி தெரியும்.

மூன்றாவது, வானம். சூரியனை வைத்தீர்கள், வானத்தை வைத்தீர்களா? வேர்ல்டில் முதலில் இருக்கிற சாம்பல் நிறம் வெறும் 0.05. ஸ்கை டெக்ஸ்ச்சர் போடுங்கள், 2.90 பதிப்பில் வந்த நிஷிடா வகை நன்றாக இருக்கும். அதில் சூரிய வட்டமும் சேர்ந்தே வரும். தனியாகச் சூரிய விளக்கு வைத்திருந்தால் வட்டத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வெயில், இரண்டு நிழல். ஜன்னல் அளவுக்கே ஒரு ஏரியா லைட் வைத்து, உள்பக்கம் பார்க்கத் திருப்பி, போர்ட்டல் டிக்கைப் போடுங்கள். அது தானாக ஒளி தராது. வானம் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கதிர்களுக்கு வழி காட்டும், நாய்ஸ் (படத்தில் மணல் மணலாக வரும் புள்ளிகள்) குறையும்.

கடைசியாக எக்ஸ்போஷர், அதாவது கேமரா படத்தை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுகிறது என்பது. மதிய வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும்; உள்ளே சில நூறுதான். போட்டோகிராபர் உள்ளே நின்று எடுக்கும்போது உள் வெளிச்சத்துக்கே கேமராவை வைப்பார், ஜன்னல் வெளுத்துத்தான் போகும். நீங்களும் கலர் மேனேஜ்மென்டில் எக்ஸ்போஷரை 2 அல்லது 3 ஏற்றுங்கள். வியூ (வெளிச்சக் கணக்கைத் திரை நிறமாக மாற்றும் முறை) ஸ்டாண்டர்டில் இருந்தால் ஃபில்மிக்குக்கோ, 4.0 முதல் வரும் ஏஜிஎக்ஸுக்கோ மாற்றுங்கள். வெயில் கட்டம் கொஞ்சம் வெளுக்கட்டும், பரவாயில்லை.

தாம்பரம் வாசகர்: ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டதும் உள்ளே வந்துகொண்டிருந்த வெயில் மாயமாகிவிட்டது.

கிளாஸ் ஷேடர் (கண்ணாடிக்கான மெட்டீரியல்) வழியே வரும் சூரிய ஒளியை சைக்கிள்ஸ் காஸ்டிக்ஸ் (கண்ணாடியில் வளைந்தோ உலோகத்தில் பட்டோ குவிந்து விழும் ஒளி) கணக்கில் சேர்த்துவிடும். நிழல் பார்க்கிற கதிருக்குக் கண்ணாடியும் ஒரு சுவர்தான். கிளாஸையும் டிரான்ஸ்பரன்ட்டையும் மிக்ஸ் ஷேடரில் கோர்த்து, லைட் பாத் நோடின் “ஈஸ் ஷேடோ ரே”, “ஈஸ் டிஃப்யூஸ் ரே” இரண்டில் எது பெரியதோ அதை ஃபேக்டராகக் கொடுங்கள். டிரான்ஸ்பரன்ட்டின் நிறம் 0.9 இருக்கட்டும், 6 மில்லிமீட்டர் சாதாக் கண்ணாடி சுமார் 88 சதவீத ஒளியை விடும். கண்ணாடிக்குக் கனம் கொடுத்திருந்தால் கதிர் இரண்டு பரப்பைத் தாண்டும், அப்போது ஒவ்வொன்றுக்கும் 0.94. வி-ரே என்ற இன்னொரு ரெண்டர் எஞ்சினில் இவ்வளவு வேலை இல்லை. ரிஃப்ராக்ஷனில் “அஃபெக்ட் ஷேடோஸ்” டிக் ஒன்று போதும்.

மயிலாப்பூர் வாசகி: வாடிக்கையாளருக்குக் கொடுத்த படுக்கையறை ரெண்டர் பளிச்சென்று இருந்தது. குடிவந்த பிறகு, “படத்தில் இருந்த வெளிச்சம் எங்கே? பகலிலேயே ட்யூப்லைட் போட வேண்டியிருக்கிறது” என்று கேட்கிறார். பவுன்ஸ், மெட்டீரியல், எக்ஸ்போஷர் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

உள்ளே எல்லாம் சரி. வெளியே என்ன வைத்தீர்கள்? பெரும்பாலான சீன்களில் ஜன்னலுக்கு அப்பால் ஒன்றுமே இருக்காது; அடிவானம் வரை திறந்த வானம். சென்னையில் அப்படி வீடு வேண்டுமென்றால் கடற்கரையில்தான் தேட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கட்டடம் பக்கவாட்டில் 5 அடி விட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் 5 அடி. மொத்தம் 3 மீட்டர். அவருடையது 12 மீட்டர் உயரம், உங்கள் அறை முதல் மாடி, ஜன்னல் நடு மட்டம் தரையிலிருந்து நாலரை மீட்டர். ஜன்னலில் நின்று பார்த்தால் எதிர்ச்சுவரின் உச்சி 68 டிகிரி உயரத்தில் இருக்கும். அதற்கு மேல்தான் வானம். இப்போது ஜன்னலிலிருந்து 1 மீட்டர் உள்ளே ஒரு மேஜை. மேஜை மட்டத்திலிருந்து லிண்டல் 1.35 மீட்டர் மேலே. அங்கிருந்து ஜன்னலின் மேல் விளிம்பு தெரிகிற கோணம் 53 டிகிரி. ஆக மேஜைக்கு வானம் ஒரு துளிகூடத் தெரியாது. சன்ஷேடை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த அறையின் விளக்கு பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவர் மஞ்சள் அடித்திருந்தால் உங்கள் வெள்ளைச் சுவரும் லேசாக மஞ்சள் காட்டும். பூசாத செங்கல்லாக விட்டிருந்தால் அறை இருட்டு. ரெண்டரில் இதற்குச் செலவு ஐந்து நிமிடம்: சரியான தூரத்தில், சரியான உயரத்தில் ஒரு பெட்டி, சைட்டில் எடுத்த போட்டோவைப் பார்த்து அதற்கு ஒரு நிறம். இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலுள்ள தரையையும் மறக்காதீர்கள். சிமென்ட் தரைக்கு 0.3 வையுங்கள். சன்ஷேடை 2 அடி நீட்டி வையுங்கள். போர்ட்டல் வைத்திருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் இப்போது அதனால் பெரிய லாபமில்லை. கதிர்கள் வானத்தைத் தேடிப் போய் எதிர்ச்சுவரில்தான் முட்டும்.

சூரியனையும் ஊருக்கு ஏற்றபடி வையுங்கள்: அட்ச ரேகை 13.08 வடக்கு, தீர்க்க ரேகை 80.27 கிழக்கு, நேர மண்டலம் 5.5. இந்தக் கடைசி எண்ணை 5 என்று போட்டுவிட்டு வெயில் அரை மணி நேரம் தள்ளி விழுகிறதே என்று தேடுபவர்கள் உண்டு. சென்னையில் சூரியன் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிவேளையில் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும்; டிசம்பர் கடைசியில் தெற்கே, 53 டிகிரி உயரத்தில். தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் வெயில் வைத்துப் படம் அழகாக வந்தது என்றால், ஜூனிலும் ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். அவரிடம் திரும்பப் பேச்சு கேட்க வேண்டியிருக்காது.

பெரம்பூர் வாசகர்: பழைய வீடு, ரெட் ஆக்சைடு தரை. ரெண்டரில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ரோஸ் நிறமாகிவிடுகிறது.

கொஞ்சம் ரோஸ் ஏறுவது உண்மை. அதை முழுதாகத் துடைத்தால் தரை காகிதத்தில் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நீங்கள் தரைக்கு என்ன எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 200, 0, 0 மாதிரி இருந்தால் குற்றம் அங்கேதான். தேய்ந்து மெருகேறிய ரெட் ஆக்சைடு 125, 50, 40 பக்கம் இருக்கும். வெளிச்சக் கணக்கில் முன்னதின் சிவப்பு 0.58, பின்னதின் சிவப்பு 0.20. கிட்டத்தட்ட மூன்று மடங்கு சிவப்பை நீங்களே சுவரில் அள்ளி வீசியிருக்கிறீர்கள். பச்சையும் நீலமும் சுத்தமாக 0 என்பது எந்தத் தரையிலும் கிடையாது.

எண்ணைத் திருத்தியும் கிளையன்ட் கண்ணுக்கு உறுத்தினால், ஈஸ் டிஃப்யூஸ் ரே வழியாக, தெறிக்கிற கதிருக்கு மட்டும் தரை நிறத்தின் சாச்சுரேஷனைப் பாதியாகக் காட்டலாம். கேமராவுக்குத் தெரிகிற தரை மாறாது. வி-ரேயில் ஓவர்ரைடு மெட்டீரியலின் ஜிஐ (தெறிக்கும் வெளிச்சம்) இடத்தில் இதே வேலை.

அண்ணா நகர் வாசகர்: 3டிஎஸ் மேக்ஸ், வி-ரே. சீலிங்கில் ஈரம் ஊறின மாதிரி திட்டுத் திட்டாக வருகிறது. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் வெள்ளைக் கீற்று.

இரண்டும் வேறு வேறு நோய். திட்டுக்கள் இர்ரேடியன்ஸ் மேப் என்ற வி-ரே கணக்கு முறையால் வருபவை. அது எல்லாப் புள்ளியிலும் கணக்குப் போடாது. சில இடங்களில் போட்டு நடுவில் இருப்பதை இழுத்து நிரப்பும். சீலிங் மாதிரி நீளமான வெறும் பரப்பில் ஒரு புள்ளி பிசகினாலும் ஒரு திட்டாகத் தெரியும். சப்டிவ்ஸ் (கணக்குக்கு அனுப்பும் கதிர்களின் அளவு) 50 இருப்பதை 80 அல்லது 100 ஆக்கி, இன்டர்போலேஷன் சாம்பிள்ஸ் (நடுவில் நிரப்ப எடுக்கும் புள்ளிகள்) 20 இருப்பதை 35 ஆக்கினால் வழவழப்பாகும். ஆனால் நாற்காலிக் கால், சோபா அடி இங்கெல்லாம் விழ வேண்டிய சின்ன நிழல்களும் கரைந்துபோய், பொருட்கள் தரையில் ஒட்டாமல் மிதக்கும். இன்றைய மெஷினில் எங்கள் யோசனை: இர்ரேடியன்ஸ் மேப்பை விட்டுவிட்டு முதல் எஞ்சினாக புரூட் ஃபோர்ஸ் (எல்லாப் புள்ளியிலும் தனியாகக் கணக்குப் போடுவது), இரண்டாவதாக லைட் கேஷ் (வெளிச்சத்தைக் கட்டம் கட்டமாகச் சேமித்து வைப்பது), சப்டிவ்ஸ் 1500. குறை வந்தாலும் மணல் மணலாக வரும்; மணலை டீநாய்ஸர் துடைக்கும், திட்டைத் துடைக்காது.

வெள்ளைக் கீற்று மாடலிங் கோளாறு. ஸ்கெட்ச்அப்பிலிருந்து வந்த ஒற்றைப் பரப்புச் சுவராக இருக்கும். வெளியிலிருக்கும் வெயிலையும் உள்ளிருக்கும் நிழலையும் ஒரே கட்டத்தில் வைத்து லைட் கேஷ் சராசரி எடுக்கிறது. வெளிச்சுவருக்கு 9 அங்குலக் கனம் கொடுங்கள். ஸ்லாப் சுவருக்கு உள்ளே நிற்காமல் சுவரின் மேல் உட்கார வேண்டும், சைட்டில் கொத்தனார் கட்டுவது போலவே. அப்படியும் கசிந்தால் லைட் கேஷ் சாம்பிள் சைஸை 0.02 லிருந்து 0.01 ஆக்குங்கள்.

வளசரவாக்கம் வாசகி: ஃபால்ஸ் சீலிங்கில் கோவ் லைட் (விளிம்பில் மறைத்து வைக்கும் விளக்கு). சீலிங்கில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் மங்கல். ஸ்ட்ரிப்பில் உள்ள ஒவ்வொரு எல்இடியையும் மாடல் செய்திருக்கிறேன்.

உங்கள் பொறுமைக்கு வணக்கம். 12க்கு 10 அடி சுற்றளவு 13.4 மீட்டர், மீட்டருக்கு 120 என்றால் ஆயிரத்து அறுநூறு குட்டி விளக்கு. அத்தனையையும் அழித்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக 10 மில்லிமீட்டர் அகலத்தில் நாலு நீள ஏரியா லைட் போடுங்கள். ஜிப்சம் போர்டின் மடிப்புக்குப் பின்னால் அது மறைந்துதான் இருக்கப்போகிறது. எமிஷன் மெஷ்ஷை (ஒளிரும் மெட்டீரியல் போட்ட வடிவத்தை) விட ஏரியா லைட்டில் நாய்ஸும் குறைவு.

கோட்டுக்குக் காரணம் இடைவெளி. ஸ்ட்ரிப்புக்கும் மேலே ஸ்லாபுக்கும் நடுவில் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்? 2 அங்குலமாக இருந்தால் வெளிச்சம் முழுக்கத் தலைக்கு மேலேயே குவிந்துவிடும். இடைவெளியை இரட்டித்தால் வெளிச்சப் பட்டையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு அகலமாகும். 5, 6 அங்குலம் விடுங்கள். விளக்கை நேர் மேலே பார்க்க வைக்காமல் அறையின் நடுப்பக்கம் 30 டிகிரி சாயுங்கள். முன் மடிப்பின் உயரம் 2 அங்குலம் போதும். அதிகமானால் சீலிங்கில் அதன் நிழல் கத்தியால் வெட்டின மாதிரி விழும். (இது ரெண்டருக்கு மட்டுமல்ல. படத்தில் கோடாகத் தெரிந்தால் வேலை முடிந்த பிறகும் கோடாகத்தான் தெரியும். ஆசாரி போர்டு வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.)

கோவின் உட்புறம் பார்வைக்குத் தெரியாது என்று மெட்டீரியல் போடாமல் விட்டிருந்தால் அதையும் சுவர் வெள்ளையாக்குங்கள். ஸ்ட்ரிப்பின் ஒளியில் பெரும்பங்கு முதலில் படுவது அங்கேதான்.

வாட் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மீட்டருக்கு சுமார் 10 வாட் ஸ்ட்ரிப் என்று பெட்டியில் போட்டிருப்பது கரன்ட் கணக்கு. பிளெண்டர் கேட்பது வெளியே வருகிற ஒளியின் வாட். 800 லூமன் எல்இடி பல்புக்கே அங்கே 2.1 தான். மீட்டருக்கு 900, 1000 லூமன் தரும் ஸ்ட்ரிப்புக்கு 2.5 என்று வைத்தால் 3 மீட்டர் பக்கத்துக்கு 7.5. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு பகல் காட்சியில் சூரியனை 1000க்குப் பதில் 5 என்று வைத்தால் வெயிலைவிட கோவ் லைட் பிரகாசிக்கும். சூரியனைக் குறைத்த அதே விகிதத்தில் உள் விளக்கையும் குறைக்க வேண்டும்.

போரூர் வாசகர்: படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சாம்பிள் (ஒரு பிக்சலுக்கு அனுப்பும் கதிர் எண்ணிக்கை) ஏற்றினால் இன்னும் அதிகமாகிறது!

பளபள பித்தளைக் கைப்பிடி, கண்ணாடிக் குடுவைக்குள் குட்டி பல்பு, இந்த இரண்டில் ஒன்று இருக்கும். எப்போதாவது ஒரு கதிர் தற்செயலாக அந்த பல்பில் போய் முட்டுகிறது. சாம்பிள் ஏற்றினால் அந்தத் தற்செயல்கள்தான் கூடும். உலோகத்தின் ரஃப்னெஸை (சொரசொரப்பை) 0 விடாதீர்கள், 0.08 வையுங்கள். குடுவையின் ரே விசிபிலிட்டியில் ஷேடோவை அணையுங்கள். காஸ்டிக்ஸ் டிக் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால் இன்டைரக்ட் கிளாம்பை (தெறித்து வரும் வெளிச்சத்துக்கான உச்சவரம்பை) 10 லிருந்து 5க்கு இறக்கலாம். இணையத்தில் சொல்கிறார்களே என்று 1க்கு இறக்காதீர்கள். புள்ளியோடு அறையின் நியாயமான வெளிச்சமும் போய்விடும்.

சோழிங்கநல்லூர் வாசகர்: 30 விநாடி வாக்த்ரூ (வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற வீடியோ). சுவரில் வெளிச்சம் கொதிக்கிற மாதிரி துடிக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக டீநாய்ஸ் செய்வதால் வருவது. சாம்பிள் போதாத இடத்தை டீநாய்ஸர் ஊகித்து நிரப்புகிறது, ஃபிரேமுக்கு ஃபிரேம் ஊகம் மாறுகிறது. நிலைப்படத்துக்கு 300 சாம்பிள் போதுமாக இருந்த சீனுக்கு இங்கே ஆயிரத்துக்கு மேல் வேண்டியிருக்கும். விநாடிக்கு 24 வீதம் 720 ஃபிரேம். ஃபிரேமுக்கு 4 நிமிடம் என்றால் 48 மணி நேரம். முழுதாக ஓட விடும் முன் நடுவிலிருந்து 20 ஃபிரேம் மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

வி-ரேயில் கேமரா மட்டும் நகர்கிறது என்றால் இர்ரேடியன்ஸ் மேப்பை மல்டிஃபிரேம் இன்கிரிமென்டலில், பத்து ஃபிரேமுக்கு ஒன்றாகக் கணக்கிட்டுச் சேமித்து, பிறகு அந்த ஃபைலிலிருந்தே எல்லாவற்றையும் ரெண்டர் செய்யலாம். ஆனால் சீலிங் ஃபேன் சுற்றுகிறதா? அப்படியென்றால் இந்த வழி ஆகாது. நின்றுபோன இறக்கைகளின் நிழல் சீலிங்கில் பதிந்துவிடும். அப்போது புரூட் ஃபோர்ஸ், லைட் கேஷ் சப்டிவ்ஸ் 3000, ரீட்ரேஸ் 8 என்று வையுங்கள்.

கிண்டி மாணவி: அன்ரியல் எஞ்சினின் லூமெனில் (உடனுக்குடன் வெளிச்சக் கணக்குப் போடும் முறை) பக்கத்து அறை வெளிச்சம் சுவரைத் தாண்டி வருகிறது.

சுவர் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் 11.5 சென்டிமீட்டர், உள்ளபடி செய்தாலே தப்பித்துவிடலாம். அறை முழுவதையும் ஒரே மெஷ்ஷாகக் கொண்டுவராமல் சுவர், தரை, சீலிங் என்று பிரித்துக் கொண்டுவாருங்கள்.

அதே மாணவி: ரேடியோசிட்டி என்பதும் பாத் டிரேசிங் என்பதும் ஒன்றா? பாடத்தில் குழப்பமாக இருக்கிறது.

இல்லை. ரேடியோசிட்டி 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் பொறியியல் முறையை வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். பரப்புகளைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்கு எவ்வளவு என்று சமன்பாடுகளைத் தீர்ப்பது. மங்கலான பரப்புக்கு மட்டும்தான்; கண்ணாடி, டைல் பளபளப்பு அதற்கு வராது. 1986இல் ஜேம்ஸ் கஜியா ரெண்டரிங் சமன்பாட்டை எழுதினார். கதிரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அனுப்பி சராசரி எடுக்கும் பாத் டிரேசிங் அதோடு வந்தது. சைக்கிள்ஸ் இந்த வழி. நாய்ஸ் வருவதும் அந்தக் குலுக்கலால்தான்.

படிப்பதைவிட ஒரு கார்னெல் பெட்டி (வெளிச்சத்தைச் சோதிக்கும் மாதிரி அறை) செய்து பாருங்கள். இடச்சுவர் சிவப்பு, வலச்சுவர் பச்சை, மற்றவை வெள்ளை, மேலே சதுர விளக்கு, நடுவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள். டிஃப்யூஸ் பவுன்ஸை 0, 1, 4, 8 என்று மாற்றி நாலு படம் எடுங்கள். 0இல் சீலிங் கறுப்பாக இருக்கும். 1இல் வெள்ளைப் பெட்டியின் இடப்பக்கத்தில் சிவப்பு ஏறத் தொடங்கும். அது ஏறவில்லை என்றால் டோட்டல் பவுன்ஸ் 0இல் நிற்கிறதா என்று பாருங்கள்.